உறைந்த ஏரியில் தூண்டில்

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், பங்குனி வெயில் ஓட்டுக் கூரையின் வழியே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜலம் உறையும் விந்தையைப் போதித்துக்கொண்டிருந்தோம். குளிர் தேசங்களில் ஏரிகள் கல்லாய் இறுகிவிடும் என்றும், மனிதர் அவற்றின்மேல் நடந்து செல்வர் என்றும் சொன்னோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் மீனெல்லாம் செத்துப் போகாதா, சார்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கேள்வி என்னவோ சிரிக்கத் தக்கதன்று.

அந்தப் பையன் இப்பொழுது பெரியவராகி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகோடியில், கானடா எல்லையை ஒட்டிய மினசோட்டா மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறார். அங்கிருந்து நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். "சார், அன்று நான் கேட்ட கேள்விக்கு ஏரியில் ஓட்டை போட்டு விடை பார்த்துவிட்டேன். மீன் சாகவில்லை, நான்தான் குளிரில் செத்துப் பிழைத்தேன்" என்பது அதன் முதல் வரி. அக்கடிதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மேலே கல், கீழே நீர்

மற்றப் பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். ஜலமும் 4 டிகிரி சென்டிகிரேடு வரையில் இந்நியதிக்கு அடங்கியே நடக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் முறை பிறழ்ந்து, விரிந்து லேசாகும்; உறைந்து கட்டியானால் பருமன் சுமார் 9 சதவீதம் பெருத்து மிதக்கும். ஆகையால் 4 டிகிரி ஜலம் ஏரியின் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்தது மேலே நின்று உறைகிறது. உறைந்த அப்பலகையே கீழுள்ள நீருக்குக் கம்பளிப் போர்வை. மீன்கள் அதன் அடியில் சோம்பி, குறைவாக உண்டு, காலந் தள்ளுகின்றன.

ஆயினும் பையனுடைய பயம் முழுதும் வீண் என்று தள்ளுவதற்கில்லை. ஆழமற்ற ஏரியின்மேல் வெண்பனி கனமாய்க் கவிந்துவிட்டால் சூரிய வெளிச்சம் உள்ளே இறங்காது. நீர்ச்செடிகள் பிராணவாயுவை உண்டாக்க மாட்டா. இருப்பதும் தீர்ந்துபோனால் மீன்கள் கூட்டங் கூட்டமாய் மடிந்து, பனி உருகும் காலத்தில் கரையொதுங்குவதும் உண்டு.

ஏரிமேல் ஒரு கிராமம்

மில் லாக்ஸ் என்பது மினசோட்டாவின் பெரிய ஏரிகளுள் ஒன்று. பரப்பு 200 சதுர மைலுக்கு மேல். ஆழமோ எவ்விடத்திலும் 42 அடியைத் தாண்டாது. நடுக் குளிர்காலத்தில் அதன்மேல் ஆயிரக்கணக்கான குடில்கள் முளைக்கின்றன. வெண்பனியை ஒதுக்கிப் பாதை போடுகிறார்கள். அப்பாதையில் மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. அடுப்பும் கட்டிலும் விளக்கும் வைத்து, அங்கேயே இராத் தங்குவோரும் உண்டு. மார்ச்சு மாதத்தில் சர்க்கார் குறித்த நாளுக்குள் குடிலைக் கிளப்பிக்கொண்டு போய்விட வேண்டும், இல்லையேல் அபராதம்.

மீன் பிடிக்கும் முறை எளிது. தச்சருடைய துறப்பணத்தைப் போன்ற, ஆனால் மார்பளவு உயரமுள்ள கருவியால் 8 அங்குல அகலத்தில் ஒரு துளை போடுகிறார்கள். துளையில் மிதக்கும் பனிச் சிதறலை அரித்தெடுக்க, நம் வீட்டுப் பெண்கள் வடை எடுக்கும் ஜல்லிக் கரண்டியைப் போன்ற கரண்டி ஒன்று. தூண்டிற்கோல் இரண்டரை அடி நீளம் இருந்தால் போதும். தூரத்தில் வீச வேண்டிய வேலை இல்லை. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு துளையருகே உட்கார வேண்டியதுதான். சிலர் வேறொரு துளையில் சிறு பொறி ஒன்றையும் வைத்துவிட்டுத் தம் குடிலுக்குள் போய்விடுவர். மீன் கவ்வியதும் பொறியிலிருந்து ஒரு கொடி துள்ளி எழும். உடனே காப்பிக் கோப்பைகள் கீழே கிடக்க, எல்லோரும் ஓட்டம் பிடிப்பார்கள்!

அங்கே பெரிதும் விரும்பப்படுவது 'வால்-ஐ' என்னும் மீன். பூனையின் கண்ணைப் போல் அதன் விழிக்குள்ளும் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. ஆகையால் மங்கிய வெளிச்சத்தில் அதற்குப் பார்வை நன்கு தெரியும். அது தின்னும் 'பெர்ச்' மீனுக்கு அவ்வளவு தெரியாது. அந்தியும் விடியலும் அதன் வேட்டைப் பொழுதாதலின், தூண்டிற்காரருக்கும் அவையே நல்ல முகூர்த்தங்கள்.

இன்பம் எங்கே?

இது பொழுதுபோக்காய்த் தோன்றிய கலையன்று. பேரேரிப் பிரதேசத்தின் ஆதிக்குடிகளான ஓஜிப்வே மக்கள், பனியில் துளையிட்டு, மேலே போர்வையால் மறைத்து இருளாக்கி, மரத்தில் செதுக்கிய பொய்மீனை நீரில் ஆட்டி, அதை நாடி வரும் மீனை ஈட்டியால் குத்தி எடுத்தனர். பசிக்காகச் செய்தது அது. பிறகுதான் உல்லாசம் வந்தது.

1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் குடிலமைத்து வாழ்ந்த தோரோவை நம்மவர் அறிவர். அநீதியான சட்டத்துக்கு அடங்க மறுப்பதைப் பற்றி எழுதி, காந்தியடிகளின் மதிப்பைப் பெற்றவர் அவர். உறைந்த குளத்தில் மீன் பிடிப்போரை அவர் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். அக்குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரில் பலர் நம்பியிருந்தனர். தோரோவோ 1846-இல் பனியின்மேல் நின்று நூல் விட்டுப் பார்த்து, ஆழம் 102 அடி என்று கண்டார். அடுத்த குளிர்காலத்தில் வியாபாரிகளின் ஆட்கள் வந்து அக்குளத்துப் பனியைப் பாளம் பாளமாய் வெட்டினர். மாசாசூஸெட்ஸ் ஏரிகளின் பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கு வந்த காலம் அது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹௌஸ், அதைச் சேமிக்க எழுந்த கட்டடமே. தம் குளத்து நீரைச் சென்னைவாசிகளும் பருகுவதை எண்ணிப் பார்த்து, 1854-இல் வெளியான தம் நூலில் தோரோ அதைக் குறித்திருக்கிறார்.

நம் மாணாக்கர் முதல் முறை ஏரிக்குப் போனது பக்கத்து வீட்டு முதியவருடன். ஆறு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு பெர்ச் பிடித்தாராம். நீளம் கைவிரல்களுக்குள் அடங்கிற்றாம். பின் இன்பம் எங்கே என்று கேட்டால், அவர் சொல்லுவது நிசப்தத்தை. காற்று ஓய்ந்தபின், பனிக்கட்டி விரிந்தும் சுருங்கியும் அடியிலிருந்து பெருங் குரலெடுத்து முழங்குமாம். தூரத்து இடியைப் போல் அது ஏரி நெடுக ஓடுமாம். முதலில் திகில், பிறகு அதுவே பழகிய சங்கீதம். வேலை வேலை என்று பறக்கும் தேசத்தில், இருவர் பேசாமலே நாள் முழுதும் கூடியிருக்க இப்படி ஓர் இடம் இருப்பது பெரிய பாக்கியம் என்று எழுதுகிறார்.

இனிக் கஷ்டங்கள்

பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஈரக்கையோடு தூண்டிலில் இரை கோப்பது எளிதன்று. விரல் நுனிகள் மரத்துப்போய், அசட்டையாயிருந்தால் சதையே உறைந்து புண்ணாகும். குளிருக்கு அஞ்சிக் குடிலை இறுக மூடி அடுப்பை மூட்டினால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு வாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும். காற்றுக்கு வழி வைத்த பிறகே அடுப்பு மூட்ட வேண்டும். ஆழத்திலிருந்து விரைவாய் இழுத்த மீனுக்கு உள்ளிருக்கும் காற்றுப் பை ஊதிவிடும். சிறிது என்று இரங்கித் திரும்ப விட்டாலும் பல சமயம் பிழைக்காது.

இவையெல்லாவற்றினும் பெரியது, காலடியில் இருக்கும் அபாயம். உறைநீரில் விழுந்தவருக்கு முதல் நிமிஷம் மூச்சுத் திணறும். அதன்பின் சுமார் பத்து நிமிஷந்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். ஆகையால் விவரமறிந்தோர், பிடியுள்ள இரண்டு கூர் ஆணிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். விழுந்தால், வந்த திசையிலேயே திரும்பி, ஆணியைப் பனியில் ஊன்றி, கால்களை உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும்.

நாலு அங்குலம்

தெளிந்த புதுப் பனிக்கட்டி 4 அங்குலமாவது இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது அம்மாகாணத்தார் விதி. சிறிய மோட்டார் காருக்கு 10 அங்குலம் வேண்டும். வெண்பனி கலந்து வெளுத்த கட்டியானால் இரு மடங்கு வேண்டும். எவ்வளவு தடித்ததும் முற்றிலும் நம்பத்தக்கதன்று என்றும் சேர்த்தே சொல்லுகிறார்கள்.

2023 டிசம்பரில் முதியவரும் நம் மாணாக்கரும் மறுபடி புறப்பட்டனர். அவ்வருஷம் அங்கே குளிர் வழக்கத்துக்கு மாறாய்க் குறைந்திருந்தது. முதியவர் கரையோரத்திலேயே துளை போட்டு அளந்தார். மூன்று அங்குலம். சாமான்களைத் திரும்ப வண்டியில் ஏற்றத் தொடங்கினார். "அதோ, அவ்வளவு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்களே!" என்றாராம் நம்மவர். "அவர்கள் இருப்பது எனக்கும் தெரிகிறது, எத்தனை அங்குலத்தின்மேல் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை" என்று விடை வந்ததாம். மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்கலாம். பனிக்கட்டி தாங்கும் பளு, ஏறத்தாழ அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கின் வர்க்கம் 16. மூன்றின் வர்க்கம் 9. ஓர் அங்குலம் குறைந்ததும் பலத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் மிஞ்சுகிறது. அதே மாதம் 29-ஆம் தேதி, அம்மாகாணத்து அப்பர் ரெட் லேக் என்னும் ஏரியில் பனிப்பாளம் பிரிந்து மிதந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் அதன்மேல் அகப்பட்டு மீட்கப்பட்டனர். 2009 பிப்ரவரியில் ஈரி என்னும் பேரேரியிலும் அவ்வாறே நேர்ந்தது. அன்று வெடிப்பின்மேல் மரச்சட்டங்களைப் பாலமாய்ப் போட்டுத் தாண்டிப் போயிருந்தனர். காற்று எழுந்து வெடிப்பு அகன்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டனர், ஒருவர் மாண்டார்.

இனி இவ்வபாயம் குறையும் என்று எண்ண இடமில்லை. பூமி வெப்பமடைவதால் ஏரிகள் தாமதித்து உறைந்து விரைவில் உருகுகின்றன. ஜப்பானில் சுவா என்னும் ஏரி உறைவதை ஆலய அர்ச்சகர்கள் 1443 முதல் எழுதி வைத்து வருகிறார்கள். உறைந்த பனி வெடித்து வரப்பாய் எழும்புவதைத் தேவன் தேவியைக் காணச் சென்ற சுவடு என்பர். 2018-க்குப் பின் 2025 வரை அச்சுவடு தோன்றவில்லை.

இவ்வருஷம் அதே பாடம் வந்தபோது, வகுப்பில் அக்கடிதத்தை வாசித்தோம். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஏரி சரியாக உறையாத வருஷத்தில் அந்தத் தாத்தா என்ன பண்ணுவார், சார்?" என்று கேட்டாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. கேள்வியை அப்படியே எழுதி மினசோட்டாவுக்கு அனுப்பியிருக்கிறோம்.