கேட்பவர்க்காக ஒரு கூட்டம்

கல்லூரி என்பது வகுப்பறைகளோடு முடிந்துவிடுவதில்லை. நூலகமும் ஆடுகளமும் மன்றங்களும் சேர்ந்ததே கல்லூரி. தமிழ் மன்றம், வரலாற்று மன்றம், பொருளியல் மன்றம், அறிவியல் மன்றம் எனத் துறைக்கொரு மன்றம் நம்மிடையே உண்டு. ஆண்டுதோறும் ஒரு தொடக்க விழா, ஒரு நிறைவு விழா, இடையில் சில சிறப்புச் சொற்பொழிவுகள் நடைபெறுகின்றன. அறிஞர் ஒருவர் வருகிறார், பேசுகிறார், பொன்னாடை பெற்றுச் செல்கிறார். மறுநாள், “நேற்று என்ன பேசினார்?” என்று முன்வரிசையில் அமர்ந்திருந்த நண்பரைக் கேட்டால், “நன்றாகத்தான் பேசினார்” என்பதற்கு மேல் விடை வருவதில்லை. இக்குறைக்குப் பேச்சாளரை மட்டும் பொறுப்பாக்குதல் முறையன்று. கூட்டத்தை அமைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆகவே, மன்றச் சொற்பொழிவு ஒன்றை எவ்வாறு திட்டமிடுவது, அதற்குக் கேட்போரை எவ்வாறு அழைப்பது என்பதை விளக்க முயல்கிறது இக்கட்டுரை.

திருக்குறளில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம். அவையறிதலும் அவையஞ்சாமையும் 72, 73ஆம் அதிகாரங்கள். ஆனால் ‘கேள்வி’ என்னும் அதிகாரமோ 42ஆவதாகவே வந்துவிடுகிறது. பேசக் கற்பதற்கு முன் கேட்கக் கற்க வேண்டும் என்று நாம் பொருள் கொள்வதில் தவறில்லை. மேலும், ‘கேள்வி’ என்ற சொல்லுக்குச் செவியால் கேட்டல் என்றும், ஐயத்தை வினவுதல் என்றும் இரு பொருள் உண்டு. இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் கூட்டமே நல்ல கூட்டம். பின்வரும் யோசனைகள் அனைத்தும் இந்த ஓர் அளவுகோலைக் கொண்டே அமைந்தவை.

முன்னோர் நடத்திய கூட்டங்கள்

தமிழ்நாட்டில் சொற்பொழிவுக் கூட்டங்களை அமைத்தவர்களுள் இளைஞர்களுக்குத் தனி இடம் உண்டு. 1893இல் சுவாமி விவேகானந்தர் சிகாகோ செல்வதற்கு, அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியரும் அவருடைய இளம் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினர். 1897 பிப்ரவரியில் சுவாமிகள் சென்னைக்குத் திரும்பி வந்தபோது விக்டோரியா மண்டபத்தில் வரவேற்புக்கு ஏற்பாடாகியிருந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம் வெளியே திரண்டுவிட்டது. சுவாமிகள் வெளியே வந்து ஒரு வண்டியின் மீது நின்று பேசத் தொடங்கினார். ஆரவாரத்தில் பேச்சு எல்லோர் காதிலும் விழவில்லை. சுருக்கமாகவே முடிக்க நேர்ந்தது. எத்துணைப் பெரிய பேச்சாளராயினும், இடமும் கூட்டமும் பொருந்தாவிடில் பேச்சு சென்று சேராது என்பதற்கு இதுவே சான்று.

1907 மே மாதத்தில் வங்கத்துத் தலைவர் பிபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் தொடர்ந்து சில மாலைகள் சொற்பொழிவாற்றினார். அவரை அழைத்து வருவதில் பாரதியார் ஆர்வத்துடன் ஈடுபட்டார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கேட்டவர்களுள் மாணவர் பலர். அப்பேச்சுகள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. ஒருநாள் பேச்சு மறந்துபோகலாம். தொடர்ச்சியும் அச்சும் அதை நிலைநிறுத்தும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

1943இல் கம்பராமாயணம் பற்றி நடைபெற்ற சொற்போரும் நினைவுகூரத்தக்கது. சென்னைச் சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிரெதிர்க் கருத்துகளை ஒரே மேடையில் எடுத்துரைத்தனர். எக்கட்சியை ஏற்பதாயினும், இரு கட்சியையும் கேட்கும் வாய்ப்பு அவையோர்க்குக் கிடைத்தது. இத்தகைய மேடையை அமைக்கும் துணிவு மாணவர் மன்றங்களுக்கு வேண்டும்.

தலைப்பும் பேச்சாளரும்

இனி நம் ஊருக்கு வருவோம். வரலாற்று மன்றத்தின் சார்பில் அரிக்கமேடு பற்றி ஒரு சொற்பொழிவு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், வீராம்பட்டினத்தை அடுத்திருப்பது அரிக்கமேடு. 1937ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய், அவ்வட்டாரச் சிறுவர்களிடமிருந்து பழம்பொருள்களைப் பெற்றார். தலையுருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்றும் கிடைத்தது; அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என அவர் கருதினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். அவரைத் தொடர்ந்து ழான் மரி கசால் அகழ்ந்தார். கசால் 1949இல் வெளியிட்ட பிரெஞ்சு நூலின் தலைப்பிலேயே அரிக்கமேட்டுடன் வீராம்பட்டினத்தின் பெயரும் இடம்பெற்றுள்ளது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் ஆய்வு நடந்தது.

இவ்வளவு செய்தி இருக்க, அழைப்பிதழில் வெறுமனே ‘அரிக்கமேடு’ என்று தலைப்பிட்டால் என்ன நிகழும்? பேச்சாளர் எல்லாவற்றையும் தொட்டு, எதையும் ஊன்றிச் சொல்லாமல் முடிப்பார். தலைப்பு ஒரு வினாவாக இருத்தல் நலம். ‘ரோமானியர் வாணிகம் தொடங்குமுன் அரிக்கமேட்டில் வாழ்ந்தவர் யார்?’ என்பது ஒரு தலைப்பு. வீலர் இவ்விடத்தை ரோமானிய வாணிகத்தோடு சேர்த்தே விளக்கினார். கசாலும் பெக்லியும் செய்த ஆய்வுகள் அதற்கு முற்பட்ட குடியிருப்பைத் தெளிவாக்கின. எனவே, இவ்வினாவில் வாதத்திற்கு இடமிருக்கிறது. பானையோடுகளில் பிராமி எழுத்தில் பொறித்த பெயர்கள், இங்கே நடந்த மணித் தொழில் ஆகியவையும் தனித்தனித் தலைப்புகளாகத் தகும்.

தலைப்பு முடிவான பின்னரே பேச்சாளரைத் தேட வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: புகழ் பெற்றவர் ஒருவரை அழைத்துவிட்டு, “எதைப் பற்றியேனும் பேசுங்கள்” என்கிறோம். துறையில் உழைத்தவராயிருந்தால், பெயர் பரவாத இளம் ஆய்வாளரும் நமக்குப் பெரும் பேச்சாளரே. 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், 1985இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகமும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

அழைப்புக் கடிதம் ஆறு வாரங்களுக்கு முன்னதாகவே செல்ல வேண்டும். முதல்வரின் அனுமதியும் மன்றப் பொறுப்பாசிரியரின் ஒப்புதலும் அதற்கும் முந்தியவை. கடிதத்தில் தலைப்பு, பேச்சுக்குரிய நேரம், கேட்போர் எந்த வகுப்பினர், பேச வேண்டிய மொழி, இரண்டு மாற்று நாள்கள், வழிச்செலவு தரப்படுமா என்பது, வரவேற்று அழைத்து வருபவரின் பெயர் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். பணம் பற்றி எழுதக் கூசி விட்டுவிடுவது மரியாதை ஆகாது. அது பேச்சாளரைத்தான் சங்கடத்தில் ஆழ்த்தும்.

நாளும் இடமும்

நாள் குறிக்கும்போது தேர்வு அட்டவணையை மட்டும் பார்த்தல் போதாது. நம் ஊரில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழா. பிரெஞ்சு ஆட்சிக்கால வழக்கத்தையொட்டி ஆளுநர் வடம் பிடிக்கும் விழா அது. அந்நாளையொட்டிக் கூட்டம் வைத்தால் வீராம்பட்டினத்து மாணவர் ஒருவரும் வரமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும். திறந்தவெளியில் கூட்டம் என்றால் மாற்று இடம் ஒன்றை முன்னரே ஒதுக்கி வைக்க வேண்டும். அரிக்கமேட்டுப் பழஞ்சின்னங்களைக் குறித்து எழுதிய பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தி, சூரியனை வெள்ளிக்கோள் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தார். 1769 ஜூன் 4 அன்று காலை மேகம் மறைத்துவிட்டது. அவருக்கு மாற்று வழியில்லை, நமக்கு உண்டு.

அரங்கம் சிறிதாக இருப்பதே நன்று. அறுபது பேர் வருவார்கள் என்றால் அறுபது நாற்காலி கொள்ளும் அறையே போதும். முந்நூறு நாற்காலிகளுக்கிடையே அறுபது பேர் சிதறி அமர்ந்தால், பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் ஊக்கம் குன்றும்.

அழைக்கும் முறை

வருகைப் பதிவைக் காட்டி வகுப்பு முழுவதையும் அரங்கிற்கு ஓட்டிவருவது எளிது. நாற்காலிகள் நிரம்பும், ஆனால் மனங்கள் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும். விரும்பி வருபவர் நாற்பது பேராயினும் அதுவே அவை.

சுவரொட்டியில் விருந்தினரின் பட்டங்களைப் பெரிய எழுத்தில் போடுகிறோம். அதற்குப் பதில், ‘அரிக்கமேட்டு மண்ணில் இத்தாலிக் குயவனின் முத்திரை வந்தது எப்படி?’ என்று ஒரே வரி எழுதிப் பாருங்கள். அறிவிப்புப் பலகையைக் கடந்து செல்பவர் நிற்பார். வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்புவதும் வேண்டியதே. அது நாளையும் இடத்தையும் நினைவூட்டும். ஆயினும் வகுப்பு வகுப்பாகச் சென்று இரண்டு நிமிடம் நேரில் அழைப்பதற்கு அது ஈடாகாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் நம்மவர் திருமணத்திற்கு வருவர். கூட்டத்திற்கும் அம்முறையே சிறந்தது.

கூட்டத்திற்குப் பத்து நாள் முன்னர் நூலகத்தில் ஒரு கேள்விப் பெட்டி வைக்கலாம். தலைப்பைப் பற்றித் தமக்குள்ள ஐயத்தை மாணவர் எழுதிப் போடட்டும். அவற்றுள் தேர்ந்த சிலவற்றைப் பேச்சாளருக்கு ஒரு வாரம் முன்னரே அனுப்பினால், அவர் நம் தேவையறிந்து வருவார். கேள்வி எழுதிப் போட்ட மாணவரும் விடை கேட்கக் கட்டாயம் வருவார்.

மேடையில்

நம் வழக்கமான நிகழ்ச்சி நிரலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கூட்டம் 2 மணிக்கு என்று அறிவிப்பு. தொடங்குவது 2.25. தமிழ்த்தாய் வாழ்த்து 5 நிமிடம், வரவேற்புரை 10, தலைமையுரை 20, மூவர் வாழ்த்துரை 30, விருந்தினர் அறிமுகம் 10, பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம் 10. மணி 3.50 ஆகிவிடுகிறது. நான்கு மணிக்குப் பேருந்து. நெடுந்தொலைவு வந்தவர்க்கு எஞ்சியவை பத்து நிமிடங்கள்!

தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பின் வரவேற்பும் அறிமுகமும் சேர்த்து 5 நிமிடம், சொற்பொழிவு 40, கேள்வி நேரம் 25, நன்றியுரை 5 என வகுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லாம் நிறைவுறும். வாழ்த்துரைகளைக் குறைத்தால் பெரியோர் மனம் வருந்துமே என அஞ்ச வேண்டியதில்லை. முன்கூட்டியே பணிவுடன் விளக்கினால் நம் பேராசிரியர்கள் மனமுவந்து இசைவர். கேள்வி நேரத்தில் முதற்கேள்வி எழும்வரை அவை மௌனமாயிருப்பது இயல்பு. கேள்விப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, அதை எழுதியவரையே எழுந்து கேட்கச் செய்தால் அந்த மௌனம் கலையும்.

கூட்டத்திற்குப் பின்

விருந்தினரை வழியனுப்பியதோடு செயலரின் வேலை முடிந்துவிடாது. ஒரு வாரத்திற்குள் நன்றிக் கடிதம் செல்ல வேண்டும். பேச்சின் சுருக்கத்தை மன்றக் குறிப்பேட்டில் எழுதி, ஆண்டு மலருக்கும் தர வேண்டும். பேச்சாளர் குறிப்பிட்ட நூல்களின் பட்டியலை நூலகத்தில் ஒட்ட வேண்டும். வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் வெளியிட்டால், அடுத்த முறை நன்கொடை கேட்கத் தயக்கம் இராது.

இறுதியாக ஒன்று. அரிக்கமேட்டை உலகம் அறிவதற்குத் துணை நின்றவர்களுள் பழம்பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்த சிறுவர்களும் உண்டு. அவர்கள் கையிலிருந்து சென்ற அறிவு, வீலரின் ஆங்கில அறிக்கையாகவும் கசாலின் பிரெஞ்சு நூலாகவும் வெளியாயிற்று. அதை எளிய தமிழில் ஊருக்குத் திருப்பித் தரும் கடமை நம் போன்ற மாணவர் மன்றங்களுக்கு உண்டு. ஆகவே கல்லூரியில் ஒரு கூட்டம் நடத்தினால், வீராம்பட்டினத்திலும் ஒன்று நடத்துவோம். ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு, படகுகள் கரை சேர்ந்து, மீன் விற்கச் சென்ற தாய்மார்களும் வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டறிந்து நாள் குறிப்போம். அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடம். அங்குக் கிடைக்கும் மணியையோ ஓட்டையோ எடுத்துச் செல்லலாகாது என்பதையும் அங்கே எடுத்துச் சொல்வோம். காற்றும் நீரோட்டமும் அறிந்த மீனவர் ஒருவர் எழுந்து, “அக்காலத்து மரக்கலம் இந்த முகத்துவாரத்தில் எப்படி நுழைந்திருக்கும்?” என்று கேட்கக்கூடும். அக்கேள்வி பேச்சாளருக்கும் புதிதாயிருக்கலாம்.

மன்றப் பொறுப்பை அடுத்த ஆண்டு ஏற்கவிருக்கும் நண்பர்களே! மேடையை அலங்கரிப்பதற்கு முன் எதிரே உள்ள நாற்காலியில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள். அங்கே அமரப்போகிறவர் எதை அறிய விரும்புகிறார், எதைக் கேட்கக் கூசுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டத்திற்கான திட்டம் அங்கிருந்தே தொடங்கட்டும்.