தொலைவிலிருந்து திறக்கும் அஞ்சற்பெட்டி

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, பணியாளர் பலரும் வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கினர். மடிக்கணினி இருந்தது, இணையமும் இருந்தது. ஆயினும், அலுவலக மின்னஞ்சலைத் திறப்பது பலருக்கு எளிதாக இல்லை. பத்துக் கல் தொலைவும் ஆயிரம் கல் தொலைவும் இணையத்திற்கு ஏறத்தாழ ஒன்றே. கதவைத் தட்டுபவர் யார் என்னும் ஐயமே அங்குத் தடையாக நின்றது.

மின்னஞ்சல்களைக் காத்துவைக்கும் கணினியை வழங்கி என்பர். சர்வர் என்று நாம் வழக்கில் கூறுவதும் இதனையே. அதிலிருந்து மடலைப் பெறுவதற்கு இரு நெறிமுறைகள் உண்டு. 1984இல் வெளிவந்த 'பாப்' முறையில் மடல்கள் பயனரின் கணினிக்கே இறங்கிவிடும்; வழங்கியிலுள்ள படி பெரும்பாலும் அழிக்கப்படும். மடிக்கணினி தொலைந்தால் மடல்களும் தொலைந்தன. 1986இல் மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'ஐமேப்' முறையிலோ மடல்கள் வழங்கியிலேயே தங்கும். அலுவலகத்திற்கு ஏற்றது இதுவே.

படிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை என்று பலர் குறைகூறுவதுண்டு. பெறும் வழியும் அனுப்பும் வழியும் வேறுவேறு என்பதை அவர்கள் அறியார். அனுப்புவதற்கான 'எஸ்.எம்.டி.பி.' நெறிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் எழுதினார். அனுப்புபவர் யார் என்று அது வினவவில்லை. இணையம் சிறு வட்டமாக இருந்த காலத்தில் அதனால் தீங்கு நேரவில்லை. வட்டம் விரிந்ததும், பிறர் வழங்கிகள் வழியே குப்பை மடல்களைக் கொட்டுவோர் பெருகினர். ஆகவே, வெளியிலிருந்து வரும் அறிமுகமற்ற கணினியின் மடலை இன்றைய வழங்கி பிறருக்குக் கடத்துவதில்லை. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்து, 587 என்னும் தனி வாயில் எண் வழியே நுழைவோர்க்கே அது இசைகிறது. படிப்பதற்குரிய பாதுகாப்பான ஐமேப் வாயிலின் எண் 993.

நம்மை வழங்கிக்கு மெய்ப்பித்துவிட்டோம். வழங்கி தன்னை நமக்கு மெய்ப்பித்ததா? தொடர்வண்டி நிலையத்தின் பொது அருகலையில் மடிக்கணினியை இணைக்கும்போது, இடையில் ஒருவர் வழங்கியைப்போல் வேடமிட்டு நிற்கக்கூடும். அதனாலேயே வழங்கி முதலில் தன் சான்றிதழை நீட்டுகிறது. பெயர் பொருந்தாவிடினும், காலம் கடந்திருந்தாலும், நம்பத்தக்க அமைப்பு அதனை வழங்கியிராவிடினும் திரையில் எச்சரிக்கை தோன்றும். அவசரத்தில் இருப்பவர் அதனைப் படியாமலே 'தொடர்க' என்பதை அழுத்திவிடுகிறார். பின்னர்க் கடவுச்சொல் குறியாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. ஆனால், கள்வனுக்கென்று பூட்டப்பட்ட பெட்டியாகச் செல்கிறது. சாவி அவனிடமே உள்ளது. எனவே, அவ்விடத்தில் நிறுத்திவிட்டு, அலுவலகக் கணினிப் பொறுப்பாளரிடம் கேட்பதே தக்கது.

சில அலுவலகங்கள் வழங்கியைப் பொது இணையத்திற்குக் காட்டுவதே இல்லை. அங்கு மெய்நிகர் தனிப்பிணையம் உதவும். இணையத்தின் ஊடே குறியாக்கம் செய்த சுரங்கம் ஒன்றை அமைத்து, மடிக்கணினியை அலுவலகத்தின் உட்பிணையத்தில் ஒன்றாக அது ஆக்கிவிடுகிறது. இதிலும் இடர் உண்டு. நச்சுநிரல் புகுந்த மடிக்கணினி, தன்னோடு அதனையும் உள்ளே அழைத்துச் செல்லும். கடவுச்சொல்லோடு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் பல அலுவலகங்கள் கேட்கின்றன. பலருக்கு இது எரிச்சலூட்டுகிறது; எனினும், திருடப்பட்ட கடவுச்சொல் மட்டும் கொண்டு எவரும் நுழையாதபடி தடுப்பது அந்தச் சில நொடித் தாமதமே.

மடிக்கணினி தொலைந்துவிட்டால் உடனே அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். பொறுப்பாளர் அக்கருவிக்குரிய நுழைவு இசைவை நீக்கிவிடுவார், கடவுச்சொல்லும் மாற்றப்படும். வழங்கியில் தங்கிய மடல்களை வேறொரு கணினியில் அன்றே படிக்கலாம்.