குறுவிற்பனைத் தரவு

குறுவிற்பனை என்பது தன்னிடம் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்று, பின்னர் சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் முறையாகும். சந்தையில் இது ஷார்ட் செல்லிங் என வழங்கப்படுகிறது. 100 ரூபாய்க்கு விற்ற பங்கை 80 ரூபாய்க்குத் திரும்ப வாங்கினால், கட்டணங்கள் நீங்கலாக 20 ரூபாய் ஆதாயம். விலை 150 ஆனால் 50 ரூபாய் நட்டம். பங்கை வாங்கி வைத்திருப்பவருக்குப் போட்ட பணம் மட்டுமே போகும். குறுவிற்பனை செய்தவரின் நட்டத்திற்கோ உச்ச வரம்பு இல்லை.

இவ்வாறு விற்கப்பட்ட பங்குகளின் கணக்கே குறுவிற்பனைத் தரவு. இதைப் பிழையாகப் படித்துப் பணம் இழப்போர் உண்டு.

இருவகைத் தரவுகள்

ஐக்கிய அமெரிக்காவில் ஃபின்ரா என்னும் ஒழுங்குமுறை அமைப்பு இரண்டு வகைத் தரவுகளை வெளியிடுகிறது.

முதலாவது, குறுவிற்பனை நிலுவை. விற்கப்பட்டு இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாத பங்குகளின் எண்ணிக்கை இது. மாதத்தின் நடுவிலும் இறுதியிலும் என இருமுறை கணக்கெடுக்கப்பட்டு, சில வேலைநாட்கள் கழித்து வெளியாகும்.

இரண்டாவது, அன்றாடக் குறுவிற்பனை அளவு. ஒரே நாளில் நடந்த விற்பனைகளில் குறுவிற்பனை எனக் குறிக்கப்பட்டவை இதில் அடங்கும். வாடிக்கையாளர் கேட்ட பங்கை உடனே கொடுப்பதற்காகச் சந்தை முகவர்கள் குறுவிற்பனை செய்து, சிறிது நேரத்தில் அதை ஈடுகட்டிவிடுவதும் உண்டு. ஆகவே இந்த எண் பெரிதாக இருப்பதாலேயே விலை சரியும் எனப் பலர் பந்தயம் கட்டியுள்ளதாகக் கொள்ளக்கூடாது.

கணக்கிடும் முறை

ஒரு நிறுவனத்தின் புழக்கப் பங்குகள் 1 கோடி, குறுவிற்பனை நிலுவை 20 லட்சம், சராசரியாக ஒரு நாளில் கைமாறும் பங்குகள் 4 லட்சம் எனக் கொள்வோம்.

நிலுவை விழுக்காடு: 20 லட்சம் ÷ 1 கோடி = 20%
திரும்ப வாங்க ஆகும் நாட்கள்: 20 லட்சம் ÷ 4 லட்சம் = 5 நாட்கள்

நாட்கள் கூடுதலாக இருந்தால், விலை ஏறும்போது குறுவிற்பனையாளர்கள் வெளியேறுவது கடினம். அனைவரும் ஒரே நேரத்தில் வாங்க முண்டியடித்தால் விலை மேலும் எகிறும். இதுவே ஷார்ட் ஸ்குவீஸ்.

கேம்ஸ்டாப் நிகழ்வு

2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் என்னும் அமெரிக்க வீடியோ கேம் விற்பனை நிறுவனத்தின் குறுவிற்பனை நிலுவை, புழக்கப் பங்குகளில் 100 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இது எப்படி முடியும்? இரவல் பங்கை வாங்கியவர் அதற்கு முழு உரிமையாளர் ஆகிறார். அவரிடமிருந்து இன்னொருவர் அதை இரவல் பெற்று மீண்டும் விற்கலாம். அப்போது ஒரே பங்கு கணக்கில் இருமுறை ஏறும்.

ஆண்டுத் தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த விலை, ஜனவரி 28 அன்று வணிகத்தின் நடுவே 483 டாலரைத் தொட்டது. மெல்வின் கேப்பிட்டல் என்னும் முதலீட்டு நிதியம் பெரும் நட்டம் அடைந்தது. ஆனால் ஜனவரி இறுதி நிலவரம் பிப்ரவரியில் வெளியானபோது, நிலுவை ஏற்கெனவே பெரிதும் குறைந்திருந்தது. விலையும் அதற்குள் 100 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. பழைய எண்ணை நம்பி உச்சத்தில் வாங்கிய சிறு முதலீட்டாளர்களும் பணத்தை இழந்தனர்.

இந்தியாவில்

இந்தியாவில் பங்கை ஒப்படைக்க வழியின்றிச் செய்யும் குறுவிற்பனையைச் செபி அனுமதிப்பதில்லை. குறுவிற்பனை செய்யும் நிறுவன முதலீட்டாளர் ஆணை இடும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும். சில்லறை முதலீட்டாளர் அன்றைய வணிக நேரம் முடிவதற்குள் தெரிவிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

இத்தரவைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் தேவை. இது நிலுவையா, ஒருநாள் அளவா? எதன் விழுக்காடு? எந்த நாளின் நிலவரம்? மேலும், விலை சரியும் என எதிர்பார்ப்போர் முன்பேர ஒப்பந்தங்கள் வழியாகவும் செயல்படலாம்; அவை இந்தக் கணக்கில் வருவதில்லை. குறுவிற்பனைத் தரவு கடந்த ஒரு நாளின் நிலையைக் காட்டுமே அன்றி, நாளைய விலையைச் சொல்லாது.