குறையாய் நின்ற போர்வைகள்

‘தையல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. ஊசியும் நூலும் கொண்டு துணியை இணைக்குந் தொழில் ஒரு பொருள். அழகு என்பது ஒரு பொருள். பெண் என்பது பிறிதொரு பொருள். தொழிலையும் அழகையும் பெண்ணையும் ஒரே சொல்லிற் பொதிந்து வைத்த நம் முன்னோர், அத்தொழில் செய்தற்குரிய இடத்தைப் பற்றி மட்டும் யாதுஞ் சொல்லிச் சென்றாரல்லர். அவ்விடத்தைப் பற்றியும், இடமின்மையால் முற்றுப்பெறாது பெட்டிக்குட் கிடக்கும் போர்வைகளைப் பற்றியுமே ஈண்டுச் சில கூற விழைகின்றேன். பண்டிதன் ஒருவனுக்கு ஊசியோடு என்ன உறவு என்று வினவுவோர், சற்றே பொறுத்து வாசிப்பாராக.

தைத்தலுக்குப் பழந்தமிழர் வழங்கிய சொல் ‘துன்னம்’ என்பது. தைப்பவரைத் துன்னகாரர் என்று இளங்கோவடிகள் இந்திரவிழவூரெடுத்த காதையிற் குறிக்கின்றார். பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் சென்ற பொருநன் உடுத்திருந்த ஆடை வேர்வையில் நனைந்தது. வேற்று நூல் நுழைந்து ஒட்டுப்போட்டது. அக்கந்தையை நீக்கி, பாம்பின் தோலை ஒத்த நுண்ணிய ஆடையை அரசன் அளித்தான் என்பது முடத்தாமக்கண்ணியார் வாக்கு. அக்கந்தையைத் தைத்துத் தைத்து அதுகாறும் மானங்காத்த கை எவருடையது என்பதைப் புலவர் கூறவில்லை. புறநானூற்றில் 326ஆம் பாட்டு ஓரளவு விடை தருகின்றது. பருத்தித் தொழில் செய்யும் பெண்ணொருத்தி இராப்பொழுதில் ஏற்றிவைத்த சிறு விளக்கை அப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. பகல் பிறர்க்குரியது; இரவின் சிறு வெளிச்சமே அவளுக்குரியது. இந்நிலை அன்றோடு ஒழிந்ததா?

பத்தனையின் குளிர்

அக்கரப்பத்தனை என்னும் எங்கள் ஊர்ப்பெயரின் பின்பகுதி, மலைநாட்டுப் புல்வெளியைக் குறிக்குஞ் சிங்களச் சொல்லின் வழி வந்தது. ஹோட்டன் சமவெளிக்கு அணித்தான இவ்வுயர்நிலத்தில், டயகம, ஹோல்புரூக், டொரிங்டன் முதலிய தோட்டங்களில், மழைக்காலத்தில் மூடுபனி வாயில் வரை வந்து நிற்கும். ஆண்டின் முதன் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளிலோ உறைபனி விழுந்து கொழுந்தைக் கருக்குவதுண்டு. இத்தகைய நிலத்திற் போர்வை என்பது அணியன்று, உயிர்காக்கும் பொருளாகும்.

1820களிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்தரையில் தேயிலைச் செய்கை தொடங்கிய பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்தினின்று வந்த நம்மவர், வெப்பநாட்டு உடையோடு வந்தவர்கள். அவர்களுக்குத் தோட்டத்திற் கொடுக்கப்பட்ட கம்பளியின் விலை சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. அக்கம்பளி மழையிற் கொங்காணியாய்த் தலையில் இருக்கும். இரவிற் போர்வையாய் உடலில் இருக்கும். அது போதாத வீடுகளிற் பழஞ்சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுப் போர்வையாயின. 6 யார் சேலையை மூன்றாய் வெட்டி அடுக்கினால், 2 யார் நீளத்தில் மூன்றடுக்குப் போர்வை ஓராளுக்கு ஆகும். இரண்டு சேலைகளை அவ்வாறு செய்து பக்கத்தில் இணைத்தால், தாயும் இரு மக்களும் அதனுள் அடங்குவர். துணியை விட, அடுக்குகளுக்கு நடுவே அகப்பட்டு அசையாது நிற்குங் காற்றே சூட்டைக் காக்கின்றது. அடுக்குகள் நழுவாமற் பிடித்து வைப்பதே நூலோட்டத்தின் பயன்.

பத்தடிக் காம்பராவில் ஒரு மூலை

லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி என்பர். அதனுள்ளே உறக்கம், உணவு, பிள்ளைகளின் படிப்பு, விருந்து, நோய் யாவும் நிகழவேண்டும். அங்கே போர்வை தைக்க விரித்தால் நடக்க வழியில்லை. அடுப்புக்கு விறகு வைக்க, பிள்ளைக்குப் பாய் போட, விரித்ததைச் சுருட்ட வேண்டும். சுருட்டியது பெட்டிக்குட் போகும். பெட்டிக்குட் போனது மீண்டு வர ஓராண்டு ஆகும். ஆகவே, எங்கள் பெண்களிடம் முடியாத வேலை மிகுதியாய் இருப்பதற்குச் சோம்பலைக் காரணங் கூறுவோர், காம்பராவை ஒருமுறை அளந்து பார்த்தல் நன்று.

என் இல்லத்தில் நானும் மனைவியும் இஸ்தோப்பின் ஒரு மூலையை இதற்கென ஒதுக்கினோம். நாலடி அகலமே கிடைத்தது. ஆயினும் அது போதும் என்று கண்டோம். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மேசையாக்கினோம், மற்றொன்றைத் துணிப்பெட்டியாக்கினோம். ஒட்டுப்பலகையாற் செய்து உள்ளே ஈயத்தாள் போன்ற மென்தகடு ஒட்டிய அப்பெட்டிகள், தேயிலையை ஈரத்தினின்று காத்தது போலவே துணியையுங் காக்கின்றன. காகிதப் பைகள் வந்தபின் அவை அரியவாயின, வைத்திருப்போர் விறகாக்காதிருப்பாராக.

வெளிச்சம் தைப்பவரின் இடப்பக்கத்தினின்று வரவேண்டும். வலக்கையின் நிழல் தையல்மேல் விழலாகாது. இடக்கையாளர்க்கு இது மறுதலை. ஊசிகளை எண்ணெய் தொட்ட துணியிற் செருகி மூடிய தகரத்தில் வைக்காவிடில் இம்மூடுபனி அவற்றைத் துருவேற்றிவிடும். கத்திரிக்கோல் ஓர் ஆணியில் தொங்கட்டும். அது தாள் வெட்டவும் மீன் வெட்டவும் போகாதிருக்கட்டும். துணிகளை நிறத்தால் வகுப்பதற்கு முன் வலிமையால் வகுத்தல் வேண்டும். நைந்த துணியோடு புதுத்துணியை ஒட்டினால், புதியது சுருங்கிப் பழையதைக் கிழிக்கும் என்பதை விவிலியமும் உவமையாய் எடுத்தாள்கின்றது. புதியதை முன்னரே நனைத்துச் சுருக்கிவிடுதல் அதற்கு மருந்து. எல்லாவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு: விரித்த போர்வையைச் சுருட்டும்போது, அடுத்த நாள் எவ்விடத்தில் ஊசி குத்த வேண்டுமோ அவ்விடத்தில் நூல்கோத்த ஊசி ஒன்றைக் குத்தி வைத்தல். கால்மணி நேரங் கிடைத்தாலும், தேடாமல் தொடங்கலாம்.

மூவகைக் குறை

பெட்டியைத் திறந்தால் யாவற்றையும் முடித்துவிடலாம் என்று எண்ணுதல் வீண். குறைவேலைகளை மூன்றாக வகுக்கலாம். சிறிது முயன்றால் முடிபவை ஒருவகை. அவற்றை முதலில் எடுத்தல் வேண்டும், முடிந்த ஒன்று கைக்கு ஊக்கந் தரும் ஆதலால். பூஞ்சணம் பற்றி இழை அற்றுப்போனவை இரண்டாம் வகை; அவற்றைப் பிரித்து நல்ல துண்டுகளை மட்டும் வேறொன்றிற் சேர்த்தல் தகும். மூன்றாம் வகை, தொடங்கியவர் இன்றில்லாமையாற் குறையாய் நின்றவை. இவற்றை என் செய்வது?

இவ்வினா எனக்கு ஏட்டுவினாவன்று. கொழுந்து பறித்து எங்களைப் படிக்கவைத்த என் அன்னையார் மறைந்தபின், அவர்தம் தகரப்பெட்டியில் அரைகுறையாய் ஒரு போர்வை இருந்தது. அதில் என் தந்தையாரின் காக்கிச் சட்டைத் துண்டு ஒன்று; அத்தை ஒருவரின் பச்சைச் சேலைத் துண்டு ஒன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இந்நாட்டுக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாய்ப் பங்கிட்டன. அப்பகுப்பில் அத்தை தலைமன்னார் சென்று கப்பலேறினார். சேலைத்துண்டு இங்கே தங்கிற்று. குடும்பங்கள் இவ்வாறு வெட்டுண்ட நாட்டில், ஒரு துண்டுத் துணியை எறிவது எளிதன்று. பிறர் கையால் அதை முடிப்பதும் எளிதன்று.

முடித்தவர் சிலர்

இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் முடிக்காது விட்ட காதம்பரியை அவர்தம் மைந்தர் எழுதி நிறைவு செய்தார். 1921இல் பாரதியார் மறைந்தபோது குறையாய் நின்ற ‘சந்திரிகையின் கதை’யோ குறையாகவே நின்று நம்மால் வாசிக்கப்படுகின்றது. இரண்டும் நெறியே. 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், செல்லரித்த ஏடுகளிற் கிடைக்காத பகுதியைத் தம் கற்பனையால் நிரப்பித் தம்முடைய சொல்லை மூலத்தோடு கலந்துவிட முற்பட்டவரல்லர். இருந்ததையுங் காத்தார்; இல்லாததையும் மறைக்கவில்லை.

அந்நெறியே போர்வைக்கும் பொருந்தும் என்று துணிந்தோம். அன்னையார் வெள்ளை நூலால் ஓட்டியிருந்தார். நாங்கள் நீல நூலால் ஓட்டினோம். அவர் தையல் எங்கே நின்றது என்பதைப் பேரப்பிள்ளைகளும் விரலாற் காட்டுவர். அவருடைய தையலில் ஓரிடத்தில் வரிசை கோணியிருந்தது; அதைப் பிரித்து நேராக்கவில்லை. கண் மங்கிய காலத்து அவர் இரவில் தைத்த இடம் அதுவாயிருக்கலாம். மூலபாடத்தைத் திருத்தும் உரிமை பதிப்பாளனுக்கில்லை.

பிறநாட்டாரும் இவ்வழியிற் சென்றுளர். வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரைகளிலிருந்து உருவிய நூலாற் பூவும் மீனும் தைத்துப் போர்வை செய்வர். அதன் பெயர் ‘காந்தா’. கந்தையைக் குறிக்கும் வடசொல்லும் அதுவே. அப்பெயரை வைத்து 1929இல் கவிஞர் ஜசீமுத்தீன் இயற்றிய ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாட்டில், கணவனைப் பிரிந்த நாயகி தன் வாழ்வு முழுதையும் ஒரு போர்வையில் தைத்து, அதைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு வேண்டி இறக்கின்றாள்.

நமக்கு இன்னும் நெருங்கிய உறவு அமெரிக்க நாட்டில் உளது. அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் ஆற்றுவளைவுச் சிற்றூர், பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாய் உழைத்தோரின் வழிவந்தவர் வாழும் ஊர். தோட்டத்துரையின் குலப்பெயரே இன்றும் அவர்களுட் பலருக்குப் பெயராய் இருக்கின்றது. அங்கே 1942இல் மிசூரி பெட்வே என்னும் அம்மையார், மறைந்த தம் கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாய் அதனுட் போர்த்து உறங்குதற்கு. 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் தையற் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். 2002இல் அவர்தம் போர்வைகள் ஹூஸ்டன் நகரத்து நுண்கலைக்கூடத்தில் ஓவியம் போல் தொங்கவிடப்பட்டன. 2006இல் அந்நாட்டு அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. பருத்திக் காட்டுக் கந்தை கலைக்கூடம் ஏறிற்று. தேயிலைக் காட்டுக் கந்தை இன்னும் பெட்டிக்குள் இருக்கின்றது. இரண்டிற்கும் வேறுபாடு கைத்திறத்தில் இல்லை. பார்த்த கண்ணிலேயே உளது.

ஒரு நாட் சீவரம்

நம் நாட்டுப் பௌத்தர்களின் கடின பூசையை அறிவோம். மழைக்கால இறுதியிற் பிக்குவுக்குரிய சீவரத்தை வெட்டி, தைத்து, சாயமிட்டு ஒரே நாளுக்குள் முடித்தல் வேண்டும் என்பது அதன் விதி. மகத நாட்டு வயல்களின் வரப்பொழுங்கைக் கண்ட புத்தர், அவ்வாறே துண்டுகளை இணைத்துத் தைக்குமாறு ஆனந்தரைப் பணித்தார் என்று விநயபிடகம் கூறும். ஒரு நாளில் முடிதல் எவ்வாறு? பலர் கூடுவதால். தனியொருத்திக்கு ஓராண்டு வேலை, பத்துப் பேர்க்கு ஒரு பகல் வேலை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. லயத்தை விட்டுத் தனிவீடு பெறுவோர் இன்று மலையகத்தில் உளர்; அவ்வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி அளவின. வீட்டுக்குத் திட்டம் வரைவோரும் அதிற் குடிபுகுவோரும், சாளரத்தருகே நாலடி இடத்தை வீட்டுப் பெண்ணின் கைவேலைக்கென ஒதுக்குவாராக. சுவாமிக்கு ஒரு மூலையும் தொலைக்காட்சிக்கு ஒரு மூலையும் ஒதுக்கும் நாம் இதையுஞ் செய்தல் அரிதன்று. இனி, ஆசிரியத் தோழர்களே! ஆண்டின் தொடக்கத்தில் வெயில் காயும் நாட்களில், பெட்டிகளைத் திறந்து போர்வைகளை உலர்த்தும் வேளையில், மாணவர்களை ஒரு கேள்வியோடு வீட்டுக்கு அனுப்புங்கள்: “இந்தத் துண்டு யாருடைய சேலை?” விடை சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதுவது ஒரு கை. அவர்கள் விட்ட இடத்தில் ஊசி பிடிப்பது மறு கை. இரண்டும் ஒருங்கே தொழிற்படின், மலையகத்தின் வரலாற்றிற் குறையாய் நிற்கும் பக்கங்கள் சில நிறைவெய்தும் என்பது ஒருதலை.