மூன்று முறை படித்த 'தேவதாஸ்'

பதினெட்டாவது வயதில் சரத் சந்திரரின் 'தேவதாஸ்' நாவலைத் தமிழில் படித்துவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன். நானே தேவதாஸ் என்று நினைப்பு. குடிப்பதற்குத்தான் தைரியம் இல்லை!

முப்பது வயதில் மறுபடி எடுத்தபோது அவன்மேல் கோபந்தான் வந்தது. நள்ளிரவில் மானத்தையும் பயத்தையும் விட்டு அவன் அறைக்கே வந்து நின்றாள் பார்வதி. அவளை ஏற்கத் துணியாதவன், அவளுக்கு வேறிடத்தில் விவாகம் நிச்சயமானதும் தூண்டிற் கோலால் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறானே! இவனுக்காகவா கண்ணீர் விட்டோம்? இளமையில் எழுதிய இந்நாவலை 1917 வரையில் அச்சிட சரத் பாபுவே தயங்கினார் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை.

சென்ற வருஷம் மூன்றாம் முறை படித்தேன். அந்தஸ்து போதாதென்று என் பெண்ணை ஒரு வீட்டார் தட்டிக் கழித்திருந்த சமயம். முன்பெல்லாம் நான் கவனியாத ஒருவர் இப்போது எதிரே வந்து நின்றார்: பார்வதியின் தகப்பனார் நீலகண்டர். தேவதாஸின் வீட்டார் சம்பந்தத்தை மறுத்ததும், ரோஷத்துடன் வேறு வரன் தேடுகிறார். மனைவியை இழந்த, பிள்ளைகள் உள்ள ஜமீன்தார் ஒருவர் அகப்படுகிறார். நல்ல செல்வந்தர், அவ்வளவு போதும். பெண்ணின் மனத்தை யார் கேட்டார்கள்?

என் மேஜைமீதும் அன்று பெரிய இடத்து ஜாதகம் ஒன்று இருந்தது. சம்மதம் தெரிவித்துக் காலையில் கடிதம் போடுவதாக இருந்தேன். புஸ்தகத்தை மூடிவிட்டுப் பெண்ணை அழைத்து, ஜாதகத்தை அவள் கையில் கொடுத்தேன்.

"நீ என்னம்மா சொல்கிறாய்?"

"இப்போதாவது கேட்டீர்களே, அப்பா!" என்றாள்.