கைடு மட்டும்தான் உலகமா? ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர்கள் கட்டிய வலைப்பின்னல்

"ஜெர்மனியில பிஎச்.டி. சீட் கிடைச்சிருக்கு!" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் வாழ்த்துகள் குவியும். ஆனால், போய்ச் சேர்ந்த ஆறாவது மாதம்? பரிசோதனை சொதப்புகிறது. மெயில் போட்டால் கைடிடமிருந்து பதில் இல்லை. "எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று கேட்கக்கூட பக்கத்தில் ஆள் இல்லை.

உலகப் புகழ்பெற்ற மேக்ஸ் பிளாங்க் சொசைட்டியில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. காரணம், அதன் அமைப்பு. ஒரே வளாகம் கிடையாது. 80-க்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள், ஜெர்மனி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இத்தாலியின் ஃபுளோரன்ஸ், நெதர்லாந்தின் நைமேகனிலும் உண்டு.

அது என்ன பிஎச்டிநெட்?

2003-ல் இங்குள்ள ஆய்வு மாணவர்களுக்காக உருவான அமைப்புதான் 'பிஎச்டிநெட்'. ஒவ்வொரு நிறுவனத்து மாணவர்களும் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிரதிநிதிகள் ஆண்டுக்கொரு முறை கூடி, நிர்வாகக் குழுவைத் தேர்வு செய்வார்கள்.

சரி, சேர்ந்து டீ குடிக்கத்தான் இதெல்லாமா? இல்லை. ஒரு உதாரணம் பார்ப்போம்.

உதவித்தொகையா, வேலை ஒப்பந்தமா?

முன்பு ஒரே ஆய்வகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில், ஒரே மாதிரி வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு வேலை ஒப்பந்தம் இருக்கும். இன்னொருவருக்கு உதவித்தொகை மட்டும். உதவித்தொகை வாங்குபவருக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் இல்லை, வேலையின்மைக் காப்பீடும் இல்லை.

தனி ஆளாகக் கேட்டால் இது ஒருவரின் புலம்பல். பல ஊர் மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி முன்வைத்தால்? அது தரவு. பிஎச்டிநெட் தொடர்ந்து குரல் கொடுத்து வந்த இந்த விஷயத்தில், 2015-ல் மேக்ஸ் பிளாங்க் சொசைட்டி விதியை மாற்றியது. புதிதாகச் சேரும் பிஎச்.டி. மாணவர்களுக்கு, சமூகப் பாதுகாப்புடன் கூடிய ஒப்பந்தம் என்று அறிவித்தது.

கைடு ஒருவரையே நம்பியிருக்கும் நிலைக்கும் ஒரு மாற்று இருக்கிறது. கைடுடன் வேறு விஞ்ஞானிகளும் இருக்கும் ஆலோசனைக் குழு, ஆய்வின் முன்னேற்றத்தை அவ்வப்போது பார்க்கும். ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், பேச இன்னொருவர் இருப்பார்.

பட்டம் வாங்கிய பிறகு?

டாக்டர் பட்டம் வாங்கினால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2007-ல் வந்த ஜெர்மன் சட்டப்படி, தற்காலிக ஒப்பந்தத்தில் பிஎச்.டி.க்கு முன் 6 ஆண்டுகள், பின் 6 ஆண்டுகள் என்பதுதான் பொதுவான வரம்பு. நிரந்தரப் பணியிடங்களோ குறைவு. 2021-ல் 'இஷ் பின் ஹன்னா' என்ற ஹேஷ்டேக்கில் இளம் ஆய்வாளர்கள் கொதித்தது இதற்காகத்தான். மேக்ஸ் பிளாங்கின் போஸ்ட்டாக் ஆய்வாளர்களும் 2019-ல் 'போஸ்ட்டாக்நெட்' என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள்.

எங்கே இடறுகிறது?

இதையெல்லாம் ஓட்டுவது, பகலில் ஆய்வகத்திலும் இரவில் மீட்டிங்கிலும் இருக்கும் மாணவர்கள்தான். பதவிக்காலம் குறைவு. பட்டம் வாங்கியதும் கிளம்பிவிடுவார்கள். கற்ற அனுபவமும் கூடவே போய்விடும். அதனால் அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒழுங்காக ஒப்படைப்பதுதான் இந்த அமைப்புகளின் உயிர்நாடி.

வெளிநாட்டில் ஆய்வுக்குப் போகத் திட்டமா? இன்டர்வியூவில் உதவித்தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கு ஒப்பந்தம் உண்டா? ஆலோசனைக் குழுவில் யார் யார்? மாணவர் பிரதிநிதி யார்?" இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஆறாவது மாதத்தில் உதவும்.