பேட்டன் கைமாறும் இருபது மீட்டர்

1951 டெல்லி ஆசிய விளையாட்டின் பெண்கள் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா ஜப்பானுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது. மூன்றாண்டு கழித்து, 1954 மே மாதம், மணிலா ஆசிய விளையாட்டில் மீண்டும் அதே ஓட்டம். கிறிஸ்டின் பிரவுன், ஸ்டெஃபி டிசூசா, வயலட் பீட்டர்ஸ், மேரி டிசூசா நால்வரும் 49.5 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்கள். தனியாக ஓடி ஓர் இந்தியப் பெண் ஆசியத் தங்கம் வாங்கியதோ 1970இல்தான். பாங்காக்கில் கமல்ஜீத் சந்து, 400 மீட்டர். இடையே 16 ஆண்டுகள். தனித்தனியாக எட்டாத தங்கம் நால்வர் சேர்ந்ததும் எட்டியது என்றால், அதில் கால்களுக்கு உள்ள பங்கைப் போலவே பேட்டனை மாற்றும் கைகளுக்கும் பங்கு உண்டு என்பது என் வாதம்.

இந்த வாரம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது ஒரு விதி. அந்தக் காலத்தில் பேட்டன் மாற்றும் பகுதி மொத்தமே 20 மீட்டர். வாங்குகிறவர் அந்தக் கோடுகளுக்குள்ளேயே நின்றுதான் கிளம்ப வேண்டும். பத்து மீட்டர் முன்னாலிருந்தே வேகமெடுக்கும் சலுகை 1960களில்தான் வந்தது. 49.5 விநாடியில் 400 மீட்டர் என்றால் விநாடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். ஆக அந்த 20 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை விநாடி. அதற்குள் ஒருத்தி நின்ற நிலையிலிருந்து பாய வேண்டும், பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிக்க வேண்டும், பேட்டன் கைமாற வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் பேட்டன் எட்டாது; தாமதித்தால் வருகிறவரின் வேகம் வீணாகும். கோட்டைத் தாண்டி வாங்கினால் ஓடியதெல்லாம் கணக்கிலேயே இல்லை. பார்க்கப்படுவது பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான், காலடி அல்ல. ஆரணித் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கிற கை சரியில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த பட்டும் அந்த இடத்தில் அறும்.

சான்றுக்கு 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் மார்ஜோரி ஜாக்சன் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அவருடைய அணி தகுதிச் சுற்றிலேயே உலக சாதனை படைத்திருந்தது. இறுதி ஓட்டத்தின் கடைசி மாற்றத்தில் பேட்டன் கைநழுவ, அணி ஐந்தாவதாக வந்தது. 45.9 விநாடியில் வென்றது அமெரிக்கா. அந்த நால்வரில் எவரும் 100, 200 மீட்டரில் பதக்கம் வாங்கவில்லை. ஒருவரான பார்பரா ஜோன்ஸுக்கு வயது 15தான்! 45.9ஐ நான்கால் வகுத்தால் ஆளுக்கு 11.5க்கும் சற்றுக் குறைவு. ஜாக்சன் தனியாக 100 மீட்டர் வென்ற நேரமே 11.5தான். ஓடிக்கொண்டே பேட்டன் வாங்குகிறவருக்கு நின்று கிளம்பும் நஷ்டம் குறைகிறது. அந்த லாபம் நல்ல கைமாற்றத்துக்கே கிடைக்கிறது.

49.5 எங்கே, 45.9 எங்கே, ஆசியாவில் போட்டி குறைவு என்று சிலர் சொல்லலாம். நேரத்தில் உள்ள இடைவெளி உண்மைதான். ஆனால் மணிலாவில் அவர்கள் முந்தியது மூன்றாண்டு முன் தங்களை முந்திய ஜப்பானை. நால்வரும் சமவேகக்காரர்களாக இருந்திருக்கலாமே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதைப் பாதி ஏற்கிறேன். நல்ல கால்கள் நான்கு இல்லாமல் எந்தக் கைமாற்றமும் பதக்கம் தராது. ஆனால் டெல்லியிலும் நம்மிடம் வேகக்காரிகள் இருந்தார்கள்: ரோஷன் மிஸ்திரி 100 மீட்டரில் வெள்ளி, மேரி டிசூசா 200 மீட்டரில் வெண்கலம். அப்படியும் தொடர் ஓட்டத்தில் வெள்ளிதான் கிடைத்தது. வேகம் மட்டுமே போதும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.